நிழலின் நிறம்: உருவப்படத்திற்குப் பழுப்பா, கருப்பு வெள்ளையா?

முகத்தைப் படிக்கும் கலை தமிழர்க்குப் புதிதன்று. குறிப்பறிதல் என்னும் பெயரில் பொருட்பாலில் ஓர் அதிகாரமும் காமத்துப்பாலில் ஓர் அதிகாரமும் வகுத்தவர் வள்ளுவப் பெருந்தகை. அகத்தின் செய்தியை முகத்தில் காணலாம் என்பது நம் முன்னோர் கொள்கை. அம்முகத்தைத் தாளின்மேல் நிலைநிறுத்தும் ஒளிப்படக் கலை 1839இல் உலகறிய வெளிப்பட்டது. அன்று அரசர்க்கும் செல்வர்க்கும் மட்டுமே எட்டிய அக்கலை இன்று ஒவ்வொருவர் கையிலும் உள்ளது.

கைப்பேசியில் ஒரு படம் எடுத்து விரலால் ஒருமுறை தொட்டால் அது கருப்பு வெள்ளையாகிறது. மறுமுறை தொட்டால் 'செபியா' எனப்படும் பழுப்பு நிறம் பெறுகிறது. மலர் அச்சிடச் செல்வோரிடம், 'நிறுவனர் படத்தைச் செபியாவில் போடலாமா? பழமையாகத் தோன்றுமே!' என்று வடிவமைப்பாளர் கேட்பதும் வழக்கமாகிவிட்டது. திருமண அழைப்பிதழ், ஓய்வு பெறும் பேராசிரியர்க்கான பாராட்டு மடல், மறைந்தோர் நினைவு மலர் ஆகிய எல்லாவற்றிலும் இவ்வினா எழுகின்றது. பெரும்பாலோர் இதனை அவரவர் விருப்பத்தைப் பொறுத்தது என்று கூறி விட்டுவிடுகின்றனர்.

நாம் அவ்வாறு கருதவில்லை. அப்படம் எக்காலத்தது, எவ்வாறு உருவானது என்னும் செய்திகளை உருவப்படத்தின் நிறம் தாங்கி நிற்கிறது. ஆகவே, இன்று எடுக்கும் முகப்படத்தை வண்ணமின்றி வைக்க விரும்புவோர் கருப்பு வெள்ளையையே தேர்ந்தெடுத்தல் வேண்டும். உண்மையாகவே பழுப்பாக நம் கைக்கு வந்து சேர்ந்த பழம்படங்களுக்குப் பழுப்பை விட்டுவிடுதல் வேண்டும் என்பதே நம் துணிபு. அதற்கான காரணங்களை ஈண்டு முறையே எடுத்துரைப்போம்.

பெயர் தரும் விளக்கம்

முதற்கண் சொற்களை நோக்குவோம். கிரேக்க மொழியில் ஒளியைக் குறிக்கும் சொல்லையும் எழுத்தைக் குறிக்கும் சொல்லையும் இணைத்து உருவானதே 'ஃபோட்டோகிராஃபி' என்னும் பெயர். அதனை 1839இல் அறிவுலகின் வழக்கிற்குக் கொணர்ந்தவர் ஆங்கில அறிவியலறிஞர் சர் ஜான் ஹெர்ஷல். தமிழில் இதற்குப் புகைப்படம், நிழற்படம், ஒளிப்படம் என மூன்று பெயர்கள் வழங்குகின்றன. புகைப்படம் என்பது மக்கள் நாவில் வேரூன்றிய சொல். ஒளிப்படம் என்பது மூலச்சொல்லுக்கு மிக நெருங்கியது. நிழற்படம் என்பதோ ஆழ்ந்த பொருளுடையது. நிழல் என்னும் சொல் ஒளி மறைந்த இடத்தை மட்டுமன்றி, நீரிலும் கண்ணாடியிலும் தெரியும் எதிருருவத்தையும் குறிக்கும். ஒருவருடைய எதிருருவம் அவரை விட்டு நீங்காமல் தாளில் தங்கிவிட்டது என்னும் கருத்து இச்சொல்லில் பொதிந்துள்ளது. இக்கருத்து பின்னர் நமக்குப் பெரிதும் பயன்படும்.

இனி, செபியா என்பது யாது? கிரேக்க மொழியில் அது கணவாய் மீனின் பெயர். காயல்பட்டினம் முதல் நாகூர் வரை நம் கடற்கரை ஊரார் நன்கறிந்த அக்கணவாய், பகை கண்டால் கரிய மையை நீரில் உமிழ்ந்துவிட்டுத் தப்பிக்கும். அம்மையை உலர்த்தி, ஐரோப்பிய ஓவியர் பழுப்பு நிற ஓவிய மையாகப் பயன்படுத்தினர். ஒளிப்படத்தின் பழுப்பிற்கும் கணவாயின் மைக்கும் பெயரளவில் அன்றி வேறு உறவு இல்லை. நிறம் ஒத்திருந்தமையால் பெயர் ஒட்டிக்கொண்டது, அவ்வளவே.

பழுப்பு பிறந்த வரலாறு

பழைய ஆல்பங்களில் நாம் காணும் பழுப்பு நிறப் படங்கள் எல்லாம் ஓரினத்தைச் சார்ந்தவை அல்ல. அவற்றை மூவகையாகப் பகுத்துக் காணலாம்.

முதலாவது, இயல்பிலேயே பழுப்பாகப் பிறந்தவை. 1850இல் பிரான்சு நாட்டு பிளாங்கார் எவ்ரார் என்பார் முட்டையின் வெண்கருவைத் தாளில் பூசிப் படம் அச்சிடும் முறையை அறிவித்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முழுவதும் உலகெங்கும் ஆட்சி செய்தது இம்முறையே. இதற்கெனவே தாள் தொழிற்சாலைகள் நாள்தோறும் பல்லாயிரம் முட்டைகளை உடைத்தன. இத்தாளில் தோன்றிய படம் செம்பழுப்பாகவே இருக்கும். பொற்கரைசலில் தோய்த்தெடுத்தால் ஊதா கலந்த பழுப்பாகும். அக்காலத்தார்க்குப் பழுப்பு நிறம் அழகுக்காகத் தேர்ந்தெடுத்த ஒன்றன்று. கைக்கு எட்டிய முறை தந்த நிறம் அது.

இவ்வகைப் படங்களுள் தலைசிறந்தவற்றைப் படைத்தவர்களுள் ஒருவர் ஜூலியா மார்கரெட் கேமரூன் அம்மையார். 1815இல் கல்கத்தாவில் பிறந்த இவர், தம் நாற்பத்தெட்டாம் அகவையில்தான் ஒளிப்படக் கருவியைக் கையில் எடுத்தார். நாம் மேலே குறித்த ஹெர்ஷலை 1867இல் இவர் எடுத்த படம் முதுமையும் அறிவும் ஒருங்கே ஒளிரும் உருவப்படமாகப் போற்றப்படுகிறது. 1875இல் இலங்கைக்குக் குடியேறிய இவ்வம்மையார், அங்கும் உள்ளூர் மக்களைப் படமெடுத்து, 1879இல் அத்தீவிலேயே மறைந்தார். நம் நாட்டில் இக்கலையின் முடிமணியாக விளங்கியவர் லாலா தீன் தயாள் (1844–1905). ஹைதராபாத்தின் ஆறாம் நிஜாம் மஹ்பூப் அலீ கானின் அரசவை ஒளிப்படக் கலைஞராக இருந்து 'ராஜா' என்னும் பட்டமும் பெற்றவர். கோஷா முறையைப் பின்பற்றிய பெண்டிர்க்கென 1892இல் அந்நகரில் தனி நிலையம் ஒன்றை அமைத்து, அதனை ஓர் ஆங்கிலப் பெண்மணியின் பொறுப்பில் நடத்தச் செய்தார். நம் சமுதாயத்தின் நாணத்தையும் மரபையும் மதித்தே இக்கலை நம் இல்லங்களுக்குள் அடியெடுத்து வைத்தது என்பதற்கு இஃது ஒரு சான்று.

இரண்டாவது வகை, கருப்பு வெள்ளையாகப் பிறந்து, பின்னர் வேதியியல் முறையால் பழுப்பாக்கப்பட்டவை. படத்தை முதலில் பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடும் பொட்டாசியம் புரோமைடும் கலந்த கரைசலில் இட்டால் உருவம் வெளிறி மறையும். படத்திலுள்ள வெள்ளி, வெள்ளி புரோமைடாக மாறிவிடும். பின்னர்ச் சோடியம் சல்பைடு கரைசலில் இட்டால் அவ்வுருவம் பழுப்பாகத் திரும்பி வரும். வெள்ளி இப்பொழுது வெள்ளி சல்பைடாகியிருக்கும். இதனைச் செய்யும்போது இருட்டறையெங்கும் அழுகிய முட்டையின் நாற்றம் வீசும். இத்தனை இடர்ப்பாட்டையும் ஏன் பொறுத்துக்கொண்டனர்? வெள்ளி காற்றிலுள்ள நச்சு வளிகளாலும் ஈரத்தாலும் எளிதில் கெடும். வெள்ளி சல்பைடு எளிதில் கெடாது. படம் நெடுங்காலம் நிலைக்க வேண்டும் என்னும் அக்கறையே இப்பழுப்பின் உயிர்நாடி.

மூன்றாவது வகை, நோயுற்றுப் பழுத்தவை. இருட்டறையில் 'ஹைப்போ' என்னும் நிலைநிறுத்தும் கரைசலில் இட்டபின் படத்தை ஓடும் நீரில் நன்கு கழுவுதல் வேண்டும். அவசரத்தில் சரிவரக் கழுவாது விட்ட படங்களில் அக்கரைசலின் எச்சம் தங்கிவிடும். ஆண்டுகள் செல்லச் செல்ல அது வெள்ளியை அரித்துப் படத்தை மஞ்சளாக்கும், பழுப்பாக்கும், ஈற்றில் முகமே மங்கி மறையும். நம் இல்லங்களில் உள்ள பழுப்புப் படங்களுள் பல இவ்வகையினவே.

இம்மூன்றையும் பகுத்தறிந்தால் ஓர் உண்மை விளங்கும். முதல் வகைப் பழுப்பு காலத்தின் அடையாளம். இரண்டாம் வகை காப்பின் அடையாளம். மூன்றாம் வகை அழிவின் அடையாளம். கணிப்பொறியும் கைப்பேசியும் தரும் செபியா இவற்றுள் எதுவும் ஆகாது. அது பழமையான முறையில் பிறக்கவுமில்லை. படத்தின் வாழ்நாளை ஒரு நாளேனும் நீட்டுவதுமில்லை. முதுமை எய்திய படத்தின் மேனியை இளைய படத்திற்குப் போர்த்தும் வேடம் அது. நேற்றெடுத்த படத்திற்கு நூறாண்டு நரையைப் பூசுவது முதுமைக்கும் மரியாதை ஆகாது. இளமைக்கும் அழகு ஆகாது.

கருப்பு வெள்ளையின் ஆட்சி

இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி கருப்பு வெள்ளையின் காலம். இக்காலப் படங்களுக்குத் தமிழகத்தோடு நெருங்கிய தொடர்பு உண்டு. நடுவண் அரசின் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் நிறுவனம் 1960இல் உதகமண்டலத்தில் நிறுவப்பட்டு, 1967இல் உற்பத்தியைத் தொடங்கியது. 'இந்து' என்னும் பெயரில் அங்கு உருவான சுருள்களும் தாள்களும் நாடெங்கும் உள்ள படநிலையங்களுக்குச் சென்றன. எண்முறைக் கருவிகளின் வருகையால் நலிவுற்ற அந்நிறுவனத்தை மூடிவிட 2014இல் அரசு முடிவு செய்தது. அதற்கு முன்னரே, 2005இல், கோடாக் நிறுவனமும் கருப்பு வெள்ளைத் தாள் செய்வதை நிறுத்துவதாக அறிவித்தது. தொழில் தேய்ந்தது, கலை தேயவில்லை. கருப்பு வெள்ளை இன்றும் விரும்பப்படுவதற்குக் காரணம் யாது?

வண்ணம் கண்ணை ஆடையின்பால் ஈர்க்கும், பின்னணியின்பால் ஈர்க்கும், சுவரில் தொங்கும் நாட்காட்டியின்பாலும் ஈர்க்கும். வண்ணத்தை நீக்கியவுடன் எஞ்சி நிற்பவை ஒளியும் நிழலுமே. நெற்றிச் சுருக்கம், கண்ணின் ஒளி, இதழோரத்துப் புன்னகை, தாடியின் வெண்மயிர் ஆகியவை தாமே முன்வந்து நிற்கும். 1941 டிசம்பர் 30ஆம் நாள், கனடாவின் ஒட்டாவா நகரில் யூசுஃப் கார்ஷ் என்னும் கலைஞர், பிரித்தானியப் பிரதமர் சர்ச்சிலின் வாயிலிருந்த சுருட்டைச் சட்டென அகற்றிவிட்டு எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. சினங்கொண்ட அம்முகத்தின் உறுதியைப் போர்க்கால உலகம் கண்டது கருப்பு வெள்ளையில்தான். விடுதலைக் கால இந்தியாவின் தலைவர்களைத் தம் கருவியில் பதித்து, 2011இல் பத்ம விபூஷண் விருது பெற்ற ஹோமாய் வியாரவாலா அம்மையாரின் (1913–2012) புகழ்மிகு படங்களும் கருப்பு வெள்ளையே.

நம் சமுதாயத்தார்க்குக் கருப்பு வெள்ளையோடு மற்றோர் உறவும் உண்டு. உருவப்படத்தைச் சுவரில் மாட்டி வைப்பதைத் தவிர்க்கும் முஸ்லிம் இல்லங்கள் மிகப்பல. அத்தகைய இல்லங்களில், மறைந்த பாட்டனாரின் படம் ஒன்றே ஒன்று இருக்குமெனின், அது பெரும்பாலும் கடவுச்சீட்டிற்காக எடுத்த படமாகவே இருக்கும். வணிகத்தின்பொருட்டு இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் சென்றோர், புனித ஹஜ்ஜை நிறைவேற்றப் புறப்பட்டோர் ஆகியோர் சட்டத்தின் தேவைக்காக ஒருமுறை கருவியின்முன் அமர்ந்தனர். தொப்பியும் தாடியும் நேர்கொண்ட பார்வையுமாக அவர்கள் அமர்ந்த அச்சிறு சதுரப் படமே இன்று பேரப் பிள்ளைகளுக்கு எஞ்சிய ஒரே முகம். அதில் அலங்காரம் இல்லை, பாவனை இல்லை. 'இவர் இன்னார்' என்று சான்று கூறுவதற்கென்றே எடுத்த படம் அது. அதனை எடுத்துப் பழுப்புச் சாயம் பூசி, ஓரங்களை மங்கலாக்கி, கீறல்களை வலிந்து சேர்த்து அச்சிடுவது அச்சான்றின் நேர்மையைக் குலைப்பதாகும்.

நம் மேனி நிறமும் படத்தின் நிறமும்

இவ்விடத்தில் வெளிப்படையாகப் பேச வேண்டிய செய்தி ஒன்று உண்டு. தமிழ் மக்கள் கரியர், மாநிறத்தர். தொடக்க கால ஒளிப்படத் தகடுகள் நீல ஒளியை மிகுதியாகவும் செவ்வொளியை மிகக் குறைவாகவும் உணர்ந்தன. அதனால் செம்மையும் பழுப்பும் கலந்த நம் மேனி, உள்ளதைவிடக் கருத்துப் பதிந்தது. எல்லா நிறங்களையும் உணரும் தகடுகள் 1906இல் விற்பனைக்கு வந்தன. ஆயினும் முகத்தை வெளுப்பாக்கிக் காட்டும் பழக்கம் படநிலையங்களை விட்டு அகலவில்லை. முகத்தில் மாவு பூசுவது, எதிர்ப்படச் சுருளில் பென்சிலால் தீட்டிக் கருமையைக் குறைப்பது ஆகியவை அன்றாடத் தொழில்முறைகளாக இருந்தன. கருமையைக் குறையாகக் கருதிய உள்ளத்தின் வெளிப்பாடு அது.

பழுப்புச் சாயமும் இவ்வகையில் கரிய முகத்திற்குத் தீங்கே செய்கிறது. கருப்பு வெள்ளைப் படத்தில் ஆழ்ந்த கருமைக்கும் தூய வெண்மைக்கும் இடையே எண்ணற்ற சாம்பல் படிகள் உண்டு. கரிய கன்னத்தின் மேட்டில் படும் ஒளியும், கண்ணின்கீழ்த் தங்கும் மென்னிழலும் அப்படிகளில்தான் உயிர்பெறுகின்றன. கைப்பேசிச் செபியாவில் பெரும்பாலும் கருமை வெளிறிப் பழுப்பாகும். வெண்மை மங்கி மஞ்சளாகும். இரண்டிற்கும் இடையிலுள்ள தொலைவு சுருங்கும். மாநிற முகமும் பழுப்பு, பின்னணியும் பழுப்பு, ஆடையும் பழுப்பு என ஆகி, முகம் தன் பின்னணியினின்று எழுந்து நிற்கும் ஆற்றலை இழக்கிறது. சாளரத்து ஒளியில் பக்கவாட்டில் அமரச் செய்து எடுத்த கரிய முகத்தின் கருப்பு வெள்ளைப் படத்தை ஒருமுறை கண்டோர், கருமையே ஓர் ஒளி என்பதை ஒப்புவர்.

ஆயினும், கருப்பு வெள்ளையிலும் பொய் புகுவதற்கு வாயில் உண்டு என்பதை மறைத்தல் ஆகாது. வண்ணப் படத்தைக் கருப்பு வெள்ளையாக்கும்போது கணிப்பொறியில் சிவப்பின் பங்கை மிகுத்தால் முகம் வெளுக்கும். உதடும் உடன் வெளுத்து உயிரற்றுப்போகும். நீலத்தின் பங்கை மிகுத்தால் முகம் அளவுக்கு மீறிக் கருக்கும். சிறு வடுக்களும் பெரிதாகும். எனவே நடுநிலையான மாற்றமே நேர்மையான மாற்றம். நேரில் கண்டோர், 'ஆம், இவர் நிறம் இதுவே' என்று ஒப்பும்படி இருத்தல் வேண்டும்.

நிழலைப் பிடித்து வைத்தல்

ஒளிப்படம் மார்க்கத்தில் ஏற்புடையதா என்னும் வினா இஸ்லாமிய உலகில் நெடுநாள் ஆராயப்பட்டது. அறிஞர்களிடையே இதில் கருத்து வேறுபாடு உண்டு; அதனைத் தீர்க்கும் தகுதி நமக்கில்லை. எனினும், 1914 முதல் 1920 வரை எகிப்தின் தலைமை முஃப்தியாக விளங்கிய ஷெய்கு முஹம்மது பகீத் அல் முதீஈ அவர்கள் எடுத்துரைத்த வாதம் ஈண்டு எண்ணத்தக்கது. உயிருள்ளவற்றின் உருவத்தைப் புதிதாகப் படைப்பதே விலக்கப்பட்டது. ஒளிப்படமோ இறைவன் படைத்த உருவத்தின் நிழலை ஒரு கருவியால் பிடித்து வைப்பதேயாகும் என்னும் அடிப்படையில் அவர் அதற்கு இசைவளித்தார். அரபு நாட்டு அறிஞர் கூறிய இக்கருத்தும், 'நிழற்படம்' என்று தமிழர் வழங்கிய பெயரும் ஒன்றையொன்று தழுவி நிற்பது எண்ணி மகிழத்தக்கது.

இவ்வாதத்தின் உட்பொருளை நோக்குவோம். நிழலைப் பிடித்து வைத்தோம் என்று உரிமை கொண்டாடுவோர்க்கு அந்நிழலை உள்ளபடி காக்கும் கடமையும் உண்டு. பிறர் நம்மிடம் ஒப்படைத்த பொருளை அமானிதம் என்போம். ஒருவருடைய முகமும் அவ்வாறே. குறிப்பாக, மறைந்தோர் முகம் பேரமானிதம். 'என் படத்தை இப்படி மாற்றாதீர்' என்று சொல்ல அவர்கள் திரும்பி வாரார்.

நிறத்தை மாற்றுவதால் பொருள் மாறும் என்பதற்கு அண்மைக் காலச் சான்று ஒன்று காட்டலாம். மகாகவி பாரதியார்க்கு எஞ்சியுள்ள ஒளிப்படங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கன, அவையெல்லாம் வண்ணமற்றவை. 2019இல் தமிழக அரசின் பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலின் அட்டையில் அவர்தம் தலைப்பாகை காவி நிறத்தில் அமைந்திருந்தது குறித்து நாடெங்கும் வாதம் எழுந்தது. அவ்வாதத்தில் யார் பக்கம் நியாயம் என்பது நம் கட்டுரையின் பொருள் அன்று. ஒளிப்படம் சொல்லாத ஒன்றை நிறம் சொல்லத் தொடங்கியது என்பதே நாம் கருதத்தக்கது. காவி ஒரு பொருளைச் சொல்லும். பச்சை ஒரு பொருளைச் சொல்லும். பழுப்பும் ஒரு பொருளைச் சொல்லும். 'இது மிகப் பழையது' என்பதே பழுப்பு சொல்லும் பொருள். அப்படம் அத்துணைப் பழையது இல்லையெனின், அது சொல்வது பொய்.

காலக் குழப்பம்

இப்பொய்யால் விளையும் கேடு யாது என்று சிலர் வினவலாம். நம் கல்வி நிலையங்களின் வரலாற்றையே எடுத்துக்கொள்வோம். வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரி 1919இல் தோன்றியது. திருச்சிராப்பள்ளியில் ஜமால் முகமது கல்லூரியும் சென்னையில் நியூ கல்லூரியும் 1951இல் தோன்றின. 1951இல் உலகெங்கும் படநிலையங்களில் வழங்கியது கருப்பு வெள்ளை. அவ்வாண்டில் எடுத்த படம் ஒன்றை ஒரு மலரில் செபியாவாக அச்சிட்டால், காண்போர் கண்ணுக்கு அது 1880ஆம் ஆண்டுப் படம்போல் தோன்றும். எழுபது ஆண்டு வரலாறு ஒரு சாயத்தில் கரைந்துபோகிறது. விடுதலைக்குப் பின் நெருக்கடிகளுக்கிடையே கல்வி நிலையம் கண்ட பெருமக்கள், விக்டோரியா அரசியின் காலத்து மாந்தர்போல் நமக்கு அந்நியராகிவிடுகின்றனர். அதே மலரில் சென்ற மாதம் ஓய்வு பெற்ற பேராசிரியரின் படமும் செபியாவில் அச்சாகுமெனின், ஐம்பது ஆண்டுகள் கழித்து அம்மலரைப் புரட்டும் ஆய்வு மாணவர் யார் எக்காலத்தவர் என்று எங்ஙனம் அறிவார்?

1838இல் மறைந்த குணங்குடி மஸ்தான் சாகிபு அவர்களுக்கு ஒளிப்படம் இருத்தற்கு வழியே இல்லை. ஒளிப்படக் கலை உலகிற்கு அறிவிக்கப்பட்டது அடுத்த ஆண்டில். சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் (1874–1950) வாழ்ந்த காலமோ இக்கலை நகர்தோறும் பரவிவிட்ட காலம். இவ்விருவர்க்கும் இடையிலுள்ள இவ்வேறுபாடே இலக்கிய வரலாற்று மாணவர்க்கு ஒரு பாடம். ஒரு படத்தின் தாள், நிறம், அளவு, பின்புறத்து முத்திரை ஆகியன அதன் காலத்தைக் கணிக்கும் கருவிகள். ஓலைச்சுவடியின் எழுத்தமைதியைக் கொண்டு காலம் கணிப்பதுபோல், படத்தின் நிறத்தைக் கொண்டும் காலம் கணிக்கலாம். சுவடியின் எழுத்தைத் திருத்துவோரை நாம் பொறுப்போமா? படத்தின் நிறத்தைத் திருத்துவோரை மட்டும் ஏன் பாராட்டுதல் வேண்டும்?

மறுப்பும் விடையும்

செபியாவை விரும்புவோர் கூறும் காரணங்களையும் நடுநிலையோடு ஆராய்தல் முறை. பழுப்பு நிறம் கண்ணுக்கு வெம்மையும் மென்மையும் தருகிறது என்பர். உண்மையே. ஆயின் அவ்வெம்மை எல்லா முகத்திற்கும் ஒரே அளவாகக் கிடைக்கிறது. சினந்த முகமும் சிரித்த முகமும் அதில் ஒரே வகை ஏக்கத்தை எழுப்புகின்றன. முகம் தர வேண்டிய உணர்வைச் சாயம் தருமெனின் அங்கே முகத்திற்கு வேலையில்லை.

பல காலத்துப் படங்களை ஒரு பக்கத்தில் சேர்க்கும்போது ஒருமை வேண்டாவா என்பர். ஒருமை வேண்டும்தான். எல்லாவற்றையும் கருப்பு வெள்ளையாக அச்சிட்டால் அவ்வொருமை கிடைத்துவிடும். அன்றியும், வண்ணமற்ற அச்சு என்பது 'இங்கே வண்ணம் நீக்கப்பட்டது' என்று மட்டும் சொல்லும். பழமையைப் பற்றி எதனையும் புனைந்து சொல்லாது. மலர் முழுவதையும் எழுத்து, படம், கட்டம் ஆகிய அனைத்தோடும் பழுப்பு மையிலேயே அச்சிடுவாரெனின், அதில் குற்றம் காணோம். அங்கே பழுப்பு என்பது மையின் நிறம் என்பதை எவரும் அறிவர். அவ்வாறே, இன்றும் இருட்டறையில் வெள்ளித் தாளில் படம் அச்சிட்டு, நெடுநாள் நிலைக்கும்பொருட்டுச் சல்பைடு கரைசலில் தோய்த்தெடுக்கும் கலைஞர்களை நாம் வணங்குகிறோம். அவர்தம் பழுப்புக்குப் பின்னே ஒரு நோக்கம் உண்டு, உழைப்பு உண்டு.

கறையையும் கீறலையும் செபியா மறைக்கிறது என்பர் சிலர். மறைத்தல் வேறு, சீர்செய்தல் வேறு. கறை நீங்க வேண்டுமெனின் படியெடுத்த பிறகு படியில் நீக்கலாம். மூலத்தை அவ்வாறே காத்துவைக்கலாம்.

செய்யத்தக்கன

இறுதியாக, மாணவச் செல்வங்களும் மலர்க் குழுவினரும் இல்லத்தாரும் கைக்கொள்ளத்தக்க சில நெறிகளைத் தொகுத்துரைப்போம். புதிதாக எடுக்கும் படத்தை வண்ணத்திலேயே எடுத்து, அம்மூலக் கோப்பை மாற்றமின்றித் தனியே வைத்தல் வேண்டும். கருப்பு வெள்ளையாக்கும் வேலையைப் படியில் மட்டும் செய்தல் வேண்டும். மூலத்தின்மேலேயே மாற்றத்தைப் பதிந்துவிட்டால் இழந்த வண்ணம் திரும்ப வாராது. பழைய படம் பழுப்பாக இருப்பினும், கருப்பு வெள்ளையாக இருப்பினும், அதனை வண்ண முறையிலேயே வருடிப் பதிவு செய்தல் நன்று. அப்பொழுதுதான் அதன் உண்மையான நிறம், கறை, தாளின் மஞ்சள் ஆகிய யாவும் வருங்கால ஆய்வாளர்க்குக் கிட்டும். பழுப்பாகக் கிடைத்ததைப் பழுப்பாகவே அச்சிடுக. கருப்பு வெள்ளையாகக் கிடைத்ததைக் கருப்பு வெள்ளையாகவே அச்சிடுக.

படத்தின் பின்புறத்தையும் படியெடுத்தல் வேண்டும். படநிலையத்தின் முத்திரையும், யாரோ மையால் எழுதிவைத்த பெயரும் ஆண்டும் அங்கேதான் இருக்கும். பெயர் அறிந்த முதியோர் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுதல் மிக இன்றியமையாதது. பசை தடவிய பக்கங்கள் கொண்ட ஆல்பங்களினின்றும் ஈரச் சுவர்களினின்றும் படங்களைக் காத்தல் வேண்டும். புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு நிறுவனத்தின் ஆய்வாளர்கள், பிரித்தானிய நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்டத்தின் துணையோடு, 2010களில் தமிழகப் படநிலையங்களின் பழம்படங்களைத் தேடிப் பதிவுசெய்தனர். அயல்நாட்டு நூலகம் ஒன்று நம் பாட்டன்மார் முகங்களை அரிய ஆவணமாகக் கருதிப் பொருள் செலவிடும்போது, நாம் அவற்றிற்குச் சாயம் பூசி விளையாடுவது தகுமோ?

உருவப்படம் ஒருவர் இவ்வுலகில் இருந்தார் என்பதற்குச் சான்று. சான்று அழகாக இருப்பின் மகிழ்ச்சி. உண்மையாக இருத்தலோ கட்டாயம். இன்றைய முகத்தை இன்றைய ஒளியில், கருமை கருமையாகவும் வெண்மை வெண்மையாகவும் பதிவு செய்து வைப்போம். அப்படமும் ஒரு நாள் தானே முதுமை எய்தும், தாள் மஞ்சளாகும், ஓரம் மடியும். அம்முதுமையைத் தர வேண்டியது காலம். அவ்வுரிமையைக் காலத்தின் கையினின்று பறித்துக்கொள்ளாதிருப்பதே முன்னோர்க்கும் பின்னோர்க்கும் நாம் செய்யும் நேர்மை.